எதிர்ப்பிடி

பவளக்கரை மீன் சந்தையில் யாரும் மேலே நிமிர்ந்து பார்ப்பதில்லை. கன்டெய்னரின் நிழல் கூடைகளின் மேல் விழும், பரவும், நகர்ந்து போகும். கொஞ்ச நேரத்தில் அடுத்த நிழல் வரும். வெயிலுக்கு அதுவும் நல்லதுதான் என்று வியாபாரிகள் பேசிக்கொண்டார்கள். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள்தான் நடுத்தெருவில் நின்று வாயைப் பிளப்பார்கள். கயிறு இல்லை, கொக்கி இல்லை, சத்தம்கூட இல்லை. கரையிலிருந்து வெகு தூரம் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும் கப்பலிலிருந்து இரும்புப் பெட்டி ஒன்று தானாக எழும்பும். கடலுக்கு மேலே சாய்வாக மிதந்து வந்து சரக்குக் கிட்டங்கியின் முற்றத்தில் அலுங்காமல் இறங்கும்.

அதை இழுத்து வருவது ஈர்ப்புக் கோபுரம். கோபுரத்தை வடிவமைத்தவள் ஜெபமலர். அந்த ஊரில் இன்னமும் மேலே பார்த்துக்கொண்டு நடப்பவள் அவள் ஒருத்திதான். அவள் பார்ப்பது பெட்டிகளை அல்ல. கோபுரத்தின் உச்சி நேற்று எந்த மேகத்தைத் தொட்டுக்கொண்டிருந்ததோ அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பாள். மேகம் ஒரே இடத்தில் நிற்காது என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பழைய இரும்புக் கடைகளில் கிரேனின் நுனியில் தொங்கும் மின்காந்தம் ஒரு காரையே தூக்கிவிடும். ஆனால் காரின் கூரையை அது தொட வேண்டும். ஒரு சாண் விலகினால் பலத்தில் பெரும்பகுதி போய்விடும். ஓர் ஆள் உயரம் விலகினால் ஆணியைக்கூட அசைக்காது. காந்தப் புலம் நாலாபக்கமும் விரிந்து சிதறிவிடுவதுதான் காரணம். அதைச் சிதறாமல் கட்டிவைக்கும் வழியை ஜெபமலர் கண்டுபிடித்தாள். சுருளுக்குள் சுருளாக அடுக்கி, மின்னோட்டத்தைத் திசை மாற்றி மாற்றிச் செலுத்தினால், குழாய்க்குள் ஓடும் தண்ணீர் மாதிரி புலம் விலகாமல் நீண்டுகொண்டே போகும். அதற்குப் புலக்குழல் என்று பெயர் வைத்தாள். குழலின் மறுமுனையில் இரும்பு எங்கே இருந்தாலும் அது பிடித்துக்கொள்ளும்.

குழலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அதை மெல்ல மெல்லத் தளர்த்த முடியாது. விடுவதென்றால் ஒரே வெட்டாக விட வேண்டும். தளர்த்தப் பார்த்தால் நடுவில் உடைந்துவிடும். உடைந்த இடத்திலிருந்து புலம் சுற்றிலும் பாயும். முதல் ஆண்டில் ஒரு முறை அப்படி நடந்தது. பவளக்கரையின் வடக்குத் தெருவில் சைக்கிள்கள் சுவரேறின. அடுப்பிலிருந்த இரும்புச் சட்டி எண்ணெயோடு ஜன்னலைப் பிய்த்துக்கொண்டு போனது. புதிதாகக் கட்டிய வீடுகளில் கான்கிரீட்டுக்குள் இருந்த கம்பிகள் நெளிந்ததில் சுவர்கள் நீளவாக்கில் பிளந்தன. அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் பித்தளைப் பூட்டுக்கும் மூங்கில் சைக்கிளுக்கும் மாறினார்கள். சுவருக்குள் இருக்கும் கம்பியை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை.

மூன்றாம் ஆண்டுக் கோடையில் இசக்கிராஜ் அவள் அறைக்கு வந்தான். அவன் அடித்தளப் பொறியாளன். கோபுரம் நிற்கும் மண்ணுக்கு அவன் பொறுப்பு.

"மேடம், கோபுரம் கடல் பக்கமா சாயுது."

ஜெபமலர் எழுந்துவிட்டாள். "எவ்வளவு?"

"உச்சியில ரெண்டு விரக்கடை இருக்கும். வருசத் தொடக்கத்துல ஒண்ணுதான் இருந்துச்சு."

காரணத்தை அவன் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை. கோபுரம் பெட்டியை இழுக்கும்போது பெட்டியும் கோபுரத்தை அதே பலத்தோடு இழுக்கிறது. பள்ளிக்கூடத்துப் பாடம். வடிவமைக்கும்போதே அதைக் கணக்கில் சேர்த்திருந்தாள். ஒரு தடவை இழுத்தால் அடியிலிருக்கும் மணல் அசைந்து கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். பகலெல்லாம், வருடமெல்லாம் ஒரே திசையில் இழுத்துக்கொண்டே இருந்தால் மணல் திரும்ப மறந்துவிடும் என்பது அவள் கணக்கில் இல்லை.

இருவரும் துறைமுக இயக்குநர் கோயில்பிள்ளையிடம் போனார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நிப்பாட்டணும்னா எத்தன நாளைக்கிம்மா?"

"எட்டு மாசம் ஆகும் சார். அடித்தளத்தப் புதுசாப் போடணும்."

"கிரேனையெல்லாம் வித்தாச்சு. எட்டு மாசம் கப்பல்காரன் என்ன, நம்ம மூஞ்சியப் பாத்துக்கிட்டா நிப்பான்? ஆணைமுனைத் துறைமுகத்துக்குப் போயிருவான். அப்புறம் எந்தக் காலத்துலயும் திரும்ப மாட்டான்." அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வேற வழி சொல்லு மலர். நீ யோசிச்சா இருக்கும்."

இருந்தது. அதுதான் வினை.

கடல் பக்கம் சாயும் கோபுரத்தை நிலத்துப் பக்கமிருந்து யாராவது பிடித்து இழுத்தால் போதும். கோபுரத்தின் நடுவே பெரிய இரும்புக் கரு இருக்கிறது. ஊருக்கு மேற்கே கருங்குன்றின் மேல் இன்னொரு கோபுரம் கட்டி, அங்கிருந்து ஒரு புலக்குழலை இதன்மேல் பாய்ச்சினால் நிமிர்ந்து நிற்கும். வேலையை ஒருநாள்கூட நிறுத்த வேண்டியதில்லை. ஜெபமலர் சாப்பிடும்போதும் நடந்துகொண்டே சாப்பிட்டு அந்த வரைபடத்தை முடித்தாள். எதிர்ப்பிடி என்று அதற்குப் பெயர் வைத்தாள்.

எதிர்ப்பிடி அவ்வளவு அருமையாக வேலை செய்தது. கருங்குன்றில் குழலை ஏவியதும், பவளக்கரைக் கோபுரம் தூங்கி விழித்த ஆளைப் போல முதுகை நிமிர்த்தியது. பத்திரிகைகள் அவள் படத்தைப் போட்டன. இசக்கிராஜ் மட்டும் கருங்குன்றிலேயே தங்கிவிட்டு ஒரு மாதம் கழித்து வந்தான்.

"அது இப்ப நம்ம பக்கமா சாயுது மேடம்."

"மலை மேலயா?"

"மலைன்னா என்ன, உடைஞ்ச பாறதான. இடுக்கெல்லாம் மண்ணு."

கருங்குன்றைப் பிடித்துக்கொள்ள அதற்கும் மேற்கே மூன்றாவது கோபுரம் எழுந்தது. மூன்றாவதற்காக நான்காவது. இதற்கிடையே ஆணைமுனைத் துறைமுகமும் தனக்கென்று ஈர்ப்புக் கோபுரம் கட்டி, அதுவும் சாய்ந்து, அதற்கும் எதிர்ப்பிடி தேவைப்பட்டது. தனித்தனியாகக் கட்டுவதைவிட ஒன்றோடொன்று கோத்துவிடலாம் என்று யோசனை சொன்னவள் ஜெபமலர்தான். சங்கிலி மலைகளைத் தாண்டியது, மாநில எல்லையைத் தாண்டியது, நீரிணைக்கு அப்பாலிருந்த தீவு நாட்டின் கரையையும் தொட்டுக்கொண்டு திரும்பி, பவளக்கரையின் கடல் பக்கத்துக்கே வந்து சேர்ந்தது. வளையம் மூடியது. ஒவ்வொரு கோபுரமும் தனக்கு இருபுறமும் இருந்தவற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது, அவற்றின் பிடியிலேயே தானும் நின்றது. அதன் திறப்பு விழாவில் கோயில்பிள்ளை அவளுக்குப் போட்ட மாலை முழங்கால்வரை தொங்கியது.

மண் எங்கேயும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அடித்தளங்கள் கொஞ்சம் இளகின, பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டியிருந்தது. இறுக்க இறுக்க அடித்தளம் மேலும் இளகியது. தொடக்கத்தில் கோபுரத்தின் பலத்தில் ஒரு பங்கு பிடிப்பதற்கும் மீதியெல்லாம் தூக்குவதற்கும் போயிற்று. பிறகு பாதிக்குப் பாதி. மீன் சந்தையில் நிழல்கள் குறைந்துகொண்டே வந்து ஒருநாள் நின்றுபோயின. கப்பல்கள் மறுபடியும் கரையை ஒட்டி வந்தன. அயலூரிலிருந்து வாடகைக்கு வந்த கிரேன்கள் கோபுரத்தின் பின்புறத்தில் சரக்கு இறக்கின. கோபுரத்தின் பலம் முழுவதும் அடுத்த கோபுரத்தைப் பிடித்துக்கொள்வதிலேயே செலவாயிற்று.

இரும்பைத் தூக்கக் கட்டிய கோபுரத்தால் இனி நினைத்தாலும் எதையும் தூக்க முடியாது என்பது கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரியும். ஊருக்கு அது உயரமான, பத்திரமான, தங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கோபுரம்.

'அலைமகள்' கவிழ்ந்தது ஒரு புதன்கிழமை மதியம். பக்கத்திலுள்ள பூவரசித் தீவிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் இரும்புப் படகு அது. துறைமுகக் கால்வாய்க்குள் திரும்பும்போது சரக்குத் தோணி ஒன்று பக்கவாட்டில் மோதிவிட்டது. கட்டுப்பாட்டு அறையின் ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. சிவப்புச் சாயம் அடித்த அடிவயிறு மேலே தெரிய, படகு தலைகீழாகக் கிடந்தது. உள்ளே காற்று அடைபட்டு இருந்ததால் அது மூழ்கவில்லை. அதன்மேல் ஏறிய மீனவர்கள், உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்கிறது என்று கத்தினார்கள்.

கரையெல்லாம் ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரும் படகைப் பார்க்கவில்லை. அத்தனை தலைகளும் மேலே, கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் நிமிர்ந்து பார்த்தது.

கோயில்பிள்ளை மூச்சு வாங்க ஓடி வந்தார். "தூக்கும்மா! என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க? ஆயிரம் பெட்டி தூக்குனதுக்கு இது எம்மாத்திரம்?"

"எதை வச்சு சார் தூக்க?" ஜெபமலர் பலகையைக் காட்டினாள். "கையில எதுவும் இல்ல. இருக்கிறது எல்லாம் கருங்குன்றப் பிடிச்சுக்கிட்டு இருக்கு."

"கொஞ்ச நேரம் அத விட்டுட்டுத் தூக்கு. தூக்கி வச்சிட்டுத் திரும்பப் பிடி."

"விட்டா கருங்குன்று அந்தப் பக்கமா விழும். அது விழுந்தா அதோட பிடி போவும், அடுத்தது விழும். அப்புறம் அதுக்கு அடுத்தது. நம்மளதும் விழும். ஒவ்வொண்ணும் விழும்போது குழல் உடையும் சார். வடக்குத் தெரு ஞாபகம் இருக்கா? வளையம் முழுக்க வடக்குத் தெருவாயிரும்."

அப்போதுதான் இசக்கிராஜ் உள்ளே வந்தான். சட்டை நனைந்திருந்தது. கரையிலிருந்து ஓடி வந்திருக்கிறான்.

"மேடம், கனி அதுல இருக்கா."

அவன் மனைவி சண்முகக்கனி தீவு சுகாதார நிலையத்தில் நர்ஸ். புதன்கிழமைதோறும் மதியப் படகில் வீட்டுக்குத் திரும்புவாள்.

ஜெபமலர் வாயைத் திறந்தாள். அவன் கையை நீட்டித் தடுத்தான். பலகையில் வரிசையாக எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்குகளைப் பார்த்தான். ஒரு விளக்கு ஒரு கோபுரம். அவற்றின் அடியில் இருந்த மண் ஒவ்வொன்றையும் அவனுக்குத் தெரியும்.

"விட்டா எது எந்தப் பக்கம் விழும்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்ல வேண்டாம்," என்றான். "கரையில நிக்கிற கிரேன் அவ்வளவு தூரம் எட்டாது. மிதவைக் கிரேன் பக்கத்துல எங்கயாவது இருக்கா?"

"ஆணைமுனையில ஒண்ணு இருந்துச்சு. கோபுரம் வந்ததும் உடைச்சு வித்துட்டாங்க. மத்தது எல்லாம் ஒருநாள் தூரம்."

அவன் திரும்பி ஓடினான். அவளும் பின்னால் ஓடினாள், பாதிப் படியில் நின்றாள், மேலே வந்தாள், மறுபடி ஜன்னலுக்குப் போனாள். குழலை வெட்டிவிடும் விடுவிசை மேஜையின் நடுவில், சிவப்பு மூடிக்குள் இருந்தது. அதன் பக்கத்தில் போகாமல் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வெளியே மீனவர்கள் வள்ளங்களைப் படகின் இருபுறமும் கட்டி, வடம் போட்டு, கையாலேயே புரட்டப் பார்த்தார்கள். அது அசையவில்லை. முக்குளிப்பவர்கள் கதவு வழியாக உள்ளே புகுந்து ஒவ்வோர் ஆளாக இழுத்து வந்தார்கள். வெளியே வந்தவர்கள் இருமினார்கள், அழுதார்கள், இன்னும் உள்ளே இருப்பவர்களின் பெயர்களைச் சொன்னார்கள். வெயில் சாய்கிறவரை அப்படி நடந்தது. பிறகு படகுக்குள் மிச்சமிருந்த காற்று பெரிய ஏப்பம் போல ஒரேயடியாக வெளியேறியது. சிவப்பு வயிறு தண்ணீருக்குள் போனது.

பாதிப் பேரைத்தான் காப்பாற்ற முடிந்தது. சண்முகக்கனி அந்தப் பாதியில் இல்லை. உள்ளேயிருந்து பிள்ளைகளைக் கதவுக்குத் தள்ளிவிட்ட நர்ஸம்மா ஒருத்தரைப் பற்றி, பிழைத்து வந்தவர்கள் பல நாள் பேசினார்கள்.

கரையில் ஒருவரும் ஜெபமலரைத் திட்டவில்லை. கோபுரத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து இசக்கிராஜ் வேலைக்குத் திரும்பினான். தன் மேஜைக்குப் போகாமல் நேராக அவள் அறைக்கு வந்தான்.

"எல்லாத்தையும் விட்டிரணும் மேடம். ஒரே நேரத்துல."

அவள் தலையசைத்தாள். அன்று மதியத்திலிருந்து அவளும் வேறெதையும் யோசிக்கவில்லை. ஒரு கோபுரம் விட்டால் பக்கத்தில் இருப்பது விழும். எல்லாக் கோபுரமும் சேர்ந்து விட்டால் எதன்மேலும் எந்த இழுப்பும் இருக்காது. இளகிய மண்ணாகவே இருந்தாலும் சும்மா நிற்கும் கோபுரத்தைத் தாங்கும். கொஞ்சம் ஆடும், ஆடி நின்றுவிடும். பிறகு ஒவ்வொன்றாக இறக்கிப் பிரித்துவிடலாம். இசக்கிராஜ் ஒவ்வொரு மண்ணுக்கும் கணக்குப் போட்டான். முன்னே பின்னே அரை நொடி தவறினால் பாதகமில்லை என்று வந்தது. அதற்குமேல் ஒரு கோபுரம் பிந்தினாலும் வளையம் முழுவதும் கவிழும்.

இருவரும் ஊர் ஊராகப் போனார்கள். அந்தப் பயணத்தில் ஜெபமலர் எந்த நாற்காலியிலும் முதுகு சாய்த்து உட்காரவில்லை. இசக்கிராஜ் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து தன் மனைவியின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினான். எதிர்ப்பார்கள் என்று நினைத்த இடங்களில்கூட எதிர்ப்பு வரவில்லை. எல்லோருக்கும் தங்கள் கோபுரத்தின் நிலை தெரிந்திருந்தது. எல்லோரும் பயந்து போயிருந்தார்கள். விடுவதற்கு எல்லோரும் சம்மதித்தார்கள்.

சிக்கல் ஒரே ஓர் இடத்தில் வந்தது. அத்தனை விடுவிசைகளையும் ஒரு கணினியோடு இணைத்துவிட்டால் இம்மி பிசகாமல் வேலை முடியும் என்றாள் ஜெபமலர்.

"யாரோட கணினி?" என்று கேட்டார் தீவு நாட்டிலிருந்து வந்திருந்த தலைமைப் பொறியாளர். பேசும்போது விரலால் மீசையை நீவிக்கொண்டே இருப்பவர்.

"யாரோடதா இருந்தா என்ன?"

"எங்கட கோபுரம் விழுந்தா எங்கட சனத்துக்கு மேலதான் விழும். அந்த விசை எங்கட கையில இருக்கவேணும். நீங்கள் எண்ணிச் சொல்லுங்கோ, நாங்கள் அமத்துறம்."

மற்றவர்களும் அதையே வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். கோயில்பிள்ளையும் அவளைத் தனியே அழைத்து, "நாமளும் நம்ம விசைய எவன் கையிலயும் குடுக்கக் கூடாது மலர்," என்றார். கடைசியில் அப்படியே முடிவாயிற்று. ஒவ்வொரு கோபுரத்திலும் ஓர் ஆள் உட்கார்வது. எல்லோருக்கும் ஒரே குரல் எண்ணிக்கை சொல்வது. பூஜ்ஜியம் என்றதும் அழுத்துவது. பவளக்கரையில் ஜெபமலர். கருங்குன்றில் இசக்கிராஜ், அவனாகவே கேட்டு வாங்கிக்கொண்ட இடம்.

விடுதலை நாள் என்று ஊர்கள் அதற்குப் பெயர் வைத்தன. ஞாயிற்றுக்கிழமைக் காலை. கோபுரங்களின் அடியில் இருந்தவர்களை மட்டும் அப்புறப்படுத்தினார்கள். குழல்கள் உடைந்தால் பாதிக்கும் தூரம் முழுவதையும் காலி செய்வதென்றால் மூன்று மாநிலங்களையும் ஒரு நாட்டையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆனாலும் சனங்கள் பயப்படவில்லை. கடற்கரையில் திருவிழாக் கூட்டம் கூடியது. எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு என்பதே அவர்களுக்குத் தெம்பாக இருந்தது.

ஜெபமலர் சிவப்பு மூடியைத் திறந்தாள். உள்ளங்கையைப் புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டு விசையின்மேல் கையை வைத்தாள். எதிரே பலகையில் பச்சை விளக்குகள். விட்ட கோபுரத்தின் விளக்கு அணையும்.

"பத்து," என்றது குரல். "ஒன்பது."

இசக்கி அழுத்திவிடுவான். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

"ஏழு."

அவனுக்கு அடுத்தது யார்? ஒரு கூட்டத்தில் பார்த்திருக்கிறாள். இளம்பெண், நன்றாகப் பேசினாள், ஆனால் கை நடுங்கியது. அவள் அழுத்துவாளா?

"ஐந்து."

மீசைக்காரர் அழுத்துவாரா? அவர் கடைசி நேரத்தில் யோசித்தால்? இங்கே மற்றவர்கள் விட்டு, அவர் ஒருவர் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால்? அவர் விட்டு, வேறொருவர் விடாவிட்டால்? கடற்கரையிலிருந்து சனங்கள் எண்ணிக்கையோடு சேர்ந்து கத்துவது கேட்டது. பிள்ளைகளின் குரல் தனியாகக் கேட்டது.

"மூன்று."

அரை நொடி இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. இசக்கி அவ்வளவு பாடுபட்டுக் கணக்குப் போட்டுக் கொடுத்த அரை நொடி. ஒரு விளக்கு அணைவதைப் பார்த்துவிட்டு அழுத்தினாலும் நேரம் இருக்கிறது. ஒன்று அணைந்தால் போதும். ஒன்றே ஒன்று. கண்ணைக் கருங்குன்றின் விளக்கின்மேல் வைத்தாள்.

"ஒன்று."

"பூஜ்ஜியம்."

பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. ஒன்றுகூட இமைக்கவில்லை.

அவள் கை விசையின்மேல் இருந்தது. கை அங்கே இருப்பதைத் தன்னுடையது அல்லாத ஒன்றைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அரை நொடி போயிற்று. ஒரு நொடி. இனி அழுத்தினால் கொலை. கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

வெளியே கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோபுரத்தையே பார்த்தது. கோபுரம் ஆடவில்லை, சாயவில்லை, விழவில்லை. நெட்டுக்குத்தாக நின்றது. முதலில் யாரோ ஒருவர் கை தட்டினார். பிறகு கடற்கரை முழுவதும் ஆரவாரம் எழுந்தது. சரவெடி வெடித்தது. தாரை தப்பட்டை முழங்கியது. கோயில்பிள்ளை கண்ணீரோடு ஜன்னலில் நின்று சனங்களுக்குக் கையசைத்தார். அவர் பலகையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

தொலைபேசி அடித்தது. கருங்குன்று.

எடுத்தாள். அவன் மூச்சு கேட்டது.

"மேடம்," என்றான் இசக்கிராஜ்.

"சொல்லுங்க இசக்கி."

"நீங்க விடுவீங்க, உடனே அழுத்திருவோம்னு உங்க விளக்கையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நான் உங்க விளக்கப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"கனி படத்துக்கு முன்னால சத்தியம் பண்ணிட்டு வந்து உக்காந்தேன் மேடம். அவளுக்குக்கூட..." அவன் பக்கத்திலும் வெடிச்சத்தம் கேட்டது. "கீழ ஊர்ல ஆடிக்கிட்டு இருக்காங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சுன்னு நெனைக்காங்க."

"இங்கயும் அப்பிடித்தான்."

"அவங்கள்ட்ட என்னன்னு சொல்ல?"

மற்ற கோபுரங்களிலிருந்து ஒவ்வோர் அழைப்பாக வந்து பலகையில் மினுக்கிக்கொண்டிருந்தது. மீசைக்காரர், கை நடுங்கிய பெண், மற்ற எல்லோரும். அவர்கள் என்ன சொல்வார்கள் என்பது தெரியும். இன்னொரு நாள் குறிக்கலாம் என்பார்கள். அந்த நாளிலும் எல்லோரும் வந்து உட்கார்வார்கள், எல்லோரும் அடுத்தவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜெபமலர் ஒரு தடவை உட்கார்ந்தாள், எழுந்தாள், தொலைபேசியைப் பிடித்தபடியே ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்தாள்.

"மேடம்," இசக்கிராஜின் குரல் தாழ்ந்தது. சொல்லக் கூசுகிறவன் போலப் பேசினான். "ஒண்ணு தோணுது. பயம்தான நம்ம கையப் பிடிச்சுது? இதுக்கு வெளிப்பக்கமா ரெண்டாவது ஒரு வளையம் இருந்தா, இத விடுத நேரத்துல அது தாங்கிக்கிடும்லா? எவன் பிந்துனாலும் ஒண்ணும் ஆகாது. தைரியமா விட்டிரலாம். விட்டு முடிஞ்சதும் அதையும் பிரிச்சிரலாம்."

ஜெபமலர் நின்றாள். வேண்டாம் என்று கத்த நினைத்தாள். எத்தனை கோபுரம், எத்தனை குழல், யார் அதை விடுவது என்று கேட்க நினைத்தாள். கீழே கூட்டம் அவள் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டது. அவள் கண்கள் ஜன்னலுக்கு வெளியே, கருங்குன்றுக்கும் அப்பால், இன்னும் எதுவும் கட்டப்படாத தட்டையான நிலத்தின்மேல் அலைந்தன.

"அங்கன மண்ணு எப்பிடி இருக்குன்னு மொதல்ல பாக்கணும்," என்றாள்.